ரெண்டும் ஒண்ணுதான் அண்ணே

ஜூன் 9, திங்கள்

மாவு புளிச்சுப்போச்சு. இவர் ஒரு வார்த்தை சொல்லாம நாலு இட்லியை முழுங்கிட்டு ஆபீஸ் போனார். ஏதாவது சொல்லியிருந்தா நானும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன். அந்த நிம்மதியும் இல்லாமப் போச்சு.

புதுத் தொடருக்கு இன்னைக்கு எழுத உக்காந்தேன். எட்டு பாகம். பாதி டாக்குமெண்டரி, பாதி நாடகம். ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு முன்னாடி நார்வே பக்கத்துலேர்ந்து கப்பல் ஏறிப் போய் இங்கிலாந்தைக் கொள்ளையடிச்ச ஆளுங்க கதை. ஹாக்கன்னு ஒரு கிழத் தலைவன், செத்துப்போன பிறகும் கேமராவை நேராப் பார்த்துத் தன் கதையைத் தானே சொல்றான். நான் அவனைத் தமிழ்ல பேச வைக்கணும். பேசினா மட்டும் போதாது, அவன் உதடு எங்க ஒட்டுதோ அங்க நம்ம தமிழும் ஒட்டணும். டப்பிங் வசனத்துல அர்த்தம் பாதி, உதடு பாதி.

கிழவன் குரலுக்கு தேவசகாயம் அண்ணனைப் போட்டிருக்காங்க. அறுபத்தாறு வயசுல முதல் முறையா ஒரு முழுத் தொடர். இத்தனை வருஷமா போஸ்ட்மேன், ஜெயில் வார்டன், கூட்டத்துல "அடிங்கடா அவனை"ன்னு கத்துற ஆளு, இப்படியே காலத்தை ஓட்டினவர். ஸ்டுடியோ ஓனர் முரளிதரன் சார்கிட்ட நான்தான் சொன்னேன், இந்தக் கிழவனுக்கு அந்தத் தொண்டையை விட்டா வேற ஆளில்லைன்னு. நான் அவருக்குப் பட்ட கடன்தான் அது. தைராய்டு ஆபரேஷன்ல என் குரல் கெட்டு, இனி மைக் பக்கம் போக முடியாதுன்னு அழுதுக்கிட்டிருந்தப்ப, "உதடு பார்க்கத் தெரிஞ்ச பொண்ணு சார், எழுத விடுங்க"ன்னு இதே சார் முன்னாடி போய் நின்னவர் அவர். பேசாதே, எழுதிக் காட்டுன்னு டாக்டர் சொன்னப்ப ஆரம்பிச்ச பழக்கம்தான் இந்த டைரியும்.

ஒரு சிக்கல். ஹாக்கன் தன் ஆளுங்களை 'நார்ஸ்மென்'னு சொல்றான். 'வடவர்'னு போட்டு வாசிச்சுக் காட்டினேன். சவுண்ட் இன்ஜினியர் யூசுப், "அக்கா, சென்ட்ரல்ல ரயில் வந்து நின்ன மாதிரி இருக்கு"ன்னு சிரிச்சான். சரி போன்னு 'ஜெர்மானியர்'னு போட்டேன். அந்தப் பக்கத்து ஆளுங்க எல்லாம் ஜெர்மானிய இனம்தான்னு எங்கேயோ படிச்ச ஞாபகம். அதைவிட, 'நார்ஸ்மென்'ல அவன் உதடு எங்க ஒட்டுதோ, சரியா அங்கேயே இதுல 'மா' வந்து விழுது. கச்சிதம். எனக்கு நானே ஒரு டீ சொல்லிக்கிட்டேன்.

ஜூன் 12, வியாழன்

ரெக்கார்டிங் முதல் நாள். மாம்பழக் கலர் சேலை கட்டிக்கிட்டுப் போனேன். அண்ணன் வெள்ளைச் சட்டை, கையில வெந்நீர் பிளாஸ்க், புது மாப்பிள்ளை மாதிரி வந்து நின்னார். மூணு நாளா லைப்ரரிக்குப் போய் இந்தக் கப்பல்காரங்களைப் பத்திப் படிச்சாராம். போஸ்ட்மேனுக்குக்கூட இப்படித்தான் படிச்சீங்களான்னு கேட்டேன். "போஸ்ட்மேன் எனக்குத் தெரிஞ்சவன் தங்கச்சி, இவன் அந்நியன்ல்ல"ன்னார்.

என்ன குரல்! கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் வாயைத் திறந்ததும் யூசுப் என்னைப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டினான்.

நடுவுல ஒரு இடத்துல நிறுத்திட்டார். "தங்கச்சி, ஒரு சந்தேகம். இவன் நார்ஸ்காரன்தானே? ஜெர்மானியர்னு போட்டிருக்கே. அது பெரிய கூட்டம்லா. சாக்ஸன்காரனும் அதுக்குள்ளதான வருவான்?"

பதினோரு மணிக்குள்ள முதல் ரீலை முடிச்சாகணும். நான் அவர் ஹெட்போனுக்குப் பேசுற பட்டனை அமுக்கி, "ரெண்டும் ஒண்ணுதான் அண்ணே. யாருக்குத் தெரியப்போவுது? டேக் போலாம்"னேன்.

"சரிம்மா. நீ சொன்னா சரிதான்"னுட்டுப் பேசினார்.

வரும்போது கொத்தமல்லிக் கட்டு வாங்க மறந்துட்டேன்.

ஜூன் 20, வெள்ளி

நாலு பாகம் முடிஞ்சுது. அண்ணன் எல்லாருக்கும் பப்ஸ் வாங்கிக் கொடுத்தார்.

ஜூன் 23, திங்கள்

அஞ்சாம் பாகம். சாக்ஸன் கிராமத்தை எரிச்சுட்டுத் திரும்புற ஹாக்கன், கப்பல்ல உக்காந்து சொல்றான். அவன் சொல்றதை அப்படியே தமிழ்ல எழுதி, வழக்கப்படி 'நார்ஸ்' வர்ற இடத்துல என் வார்த்தையைப் போட்டு வாசிச்சுப் பார்த்தேன்:

"சாக்ஸன்களும் ஜெர்மானியர்தான். ஆனால் அவர்கள் ஜெர்மானியர் அல்ல."

நல்லா இருக்குல்ல? ரெண்டு தடவை வாசிச்சேன். அப்புறம் கதவைச் சாத்திட்டு உக்காந்து படிச்சேன், முதல் நாளே படிச்சிருக்க வேண்டியதை.

ஜெர்மானியர்ங்கிறது பெரிய குடும்பம். இன்னைக்கு ஜெர்மனியில இருக்கிறவங்க, டச்சுக்காரங்க, இங்கிலாந்துக்குக் கடல் தாண்டிப் போய்க் குடியேறின சாக்ஸன்கள், அழிஞ்சே போன காத் இனத்து ஆளுங்க, எல்லாரோட முன்னோரும் அதுக்குள்ள. நார்ஸ்ங்கிறது அதுல வடக்குக் கிளை மட்டும். நார்வே, டென்மார்க், ஸ்வீடன், அங்கேயிருந்து ஐஸ்லாந்து போனவங்க. நார்ஸ்காரன் எல்லாரும் ஜெர்மானியன்தான், ஜெர்மானியன் எல்லாரும் நார்ஸ்காரன் கிடையாது. தமிழ் ஒரு திராவிட மொழி. அதுக்காக ஒரு தெலுங்குக்காரரைப் பிடிச்சு "நீங்க பேசுறது தமிழ்தானே, ரெண்டும் ஒண்ணுதானே"ன்னு கேட்டா எப்படி இருக்கும்? அதைத்தான் நாலு பாகம் முழுக்கச் செஞ்சு வச்சிருக்கேன்.

சாமிகூட அப்படித்தான். நார்ஸ்காரன் ஓடின்னு கும்பிட்ட அதே சாமியைத்தான் சாக்ஸன்காரனோட பாட்டன் வோடன்னு கும்பிட்டிருக்கான். இவங்க போய்க் கொள்ளையடிக்கிற காலத்துல அவன் பேரப்பிள்ளைங்க கிறிஸ்தவங்களா மாறிட்டாங்க. ஹாக்கன் கிழவனோட துக்கமே அதுதான். கொன்னது சொந்தக்காரனைங்கிறது அவனுக்குக் கடைசியிலதான் உறைக்குது. என் தமிழ்ல முதல் பாகத்துலேர்ந்தே எல்லாரும் ஜெர்மானியர், அப்புறம் அவனுக்கு உறைக்க என்ன இருக்கு?

நாலு பாகத்தையும் மறுபடி பேச வைக்கணும்னு முரளி சார்கிட்ட எந்த வாயால சொல்றது? "ஆனால் வேறு வகை ஜெர்மானியர்"னு மாத்தி எழுதி அனுப்பிட்டேன். உதடு ஒட்டல. பரவால்ல.

ஜூன் 30, திங்கள்

தொடரை எங்களுக்குக் கொடுத்த மும்பை கம்பெனியிலேர்ந்து மெயில். அங்க தமிழ் தெரிஞ்ச யாரோ உக்காந்து அஞ்சு பாகத்தையும் பார்த்திருக்காங்க. நார்ஸ் வர்ற இடத்துல எல்லாம் ஜெர்மானியர்னு வருது, கதையே புரியல, எப்படி ஆச்சு, யார் பொறுப்புன்னு கேட்டு முழு நீளக் கடுதாசி.

முரளி சார் ரூமுக்குக் கூப்பிட்டார். முகம் சிவந்திருந்தது. "என்ன வனஜா இது? எழுதினதே இப்படியா, இல்ல மைக்ல மாத்திட்டாங்களா?"

மைக்ல மாத்துறது எங்க தொழில்ல தினப்படி நடக்கிறது. உதடு ஒட்டலைன்னா பேசுற ஆளே ஒரு வார்த்தையை இழுத்துப் போட்டுப் பேசிட்டுப் போயிடுவாங்க. நல்ல ஆர்ட்டிஸ்ட்னா அதைச் செய்வாங்க. அதனால அவர் அப்படிக் கேட்டதுல ஆச்சரியம் இல்ல.

மைக்ல மாறியிருக்கும் சார்னு சொன்னேன். மாறியிருக்கும்னுதான் சொன்னேன். மாத்தினார்னு சொல்லல.

மழை வர்ற மாதிரி இருந்து வரல. மொட்டை மாடித் துணியை ஓடிப் போய் எடுத்தது வீண்.

ஜூலை 1, செவ்வாய்

மும்பைக்கு ஸ்க்ரிப்ட் வேணுமாம். கொஞ்சம் சுத்தம் பண்ணி அனுப்பினேன். எல்லாம் கம்ப்யூட்டர்லதான் இருக்கு, ஒரு பட்டன் அமுக்கினா வார்த்தையெல்லாம் தானா மாறிடுது. எவ்வளவு வசதி.

ஜூலை 3, வியாழன்

வசனத்தை இஷ்டத்துக்கு மாத்துற ஆள் வேண்டாம்னு எழுதிட்டாங்க. மொத்தத்தையும் வேற ஆளை வச்சு மறுபடி பேசணும். முரளி சார் போன்ல தேவசகாயம் அண்ணன்கிட்ட பேசும்போது நான் பக்கத்து ரூம்ல இருந்தேன். "வயசாச்சு, நீங்களும் பார்த்துப் பேசியிருக்கலாம்"னு சார் சொன்னது கேட்டுது. அந்தப் பக்கம் என்ன சொன்னார்னு கேக்கல. எப்படியும் நாளைக்குக் கூப்பிட்டு, நான் எதையும் மாத்தலையேன்னு சண்டை போடுவார். போடட்டும். நேரே கேட்டா ஒத்துக்கலாம்னு இருக்கேன்.

ஜூலை 6, ஞாயிறு

அண்ணன் சண்டை போடல. வீட்டுக்கே வந்தார்.

கையில ஒரு எவர்சில்வர் டப்பா. தூத்துக்குடியிலேர்ந்து அவர் மச்சினன் அனுப்பின மக்ரூன். இவர் எதிர்ல உக்காந்து கிரிக்கெட் பேசினார். அண்ணன் பாதி பேச்சுல என் பக்கம் திரும்பி, "உன் எழுத்துக்கு என்னால கெட்ட பேரு தங்கச்சி. அதான் நேர்ல சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்"ன்னார்.

நான் டப்பா மூடியைத் திறக்கிறதுலேயே இருந்தேன்.

"நீ நார்ஸ்னுதான் எழுதியிருக்கே. முரளி சார் காட்டினார். எனக்கு நீ ஜெர்மானியர்னு எழுதின மாதிரியே இருக்கு. நான் கேட்டேன், நீ பதில் சொன்னே, அதெல்லாம் நல்லா ஞாபகம் இருக்கு. ஆனா பேப்பர்ல அப்படி இல்லியே. அப்ப நானாத்தான் பேசியிருக்கேன். நானாத்தான் நீ பேசின மாதிரியும் நினைச்சுக்கிட்டிருக்கேன்."

சிரிச்சுக்கிட்டே சொன்னார். அப்புறம் மெதுவா, "எங்க அக்காவுக்கும் இப்படித்தாம்மா ஆரம்பிச்சுது. நடக்காததை நடந்துச்சுன்னு சொல்லிட்டிருந்தா"ன்னார். அந்த அக்கா மறதி நோய்ல எட்டு வருஷம் கிடந்து, கூடப் பிறந்த தம்பியையே யாருன்னு தெரியாமச் செத்துப்போனவங்க. எனக்கும் தெரியும். துக்கத்துக்கு நானும் போயிருக்கேன்.

"வயசானா எல்லாருக்கும் கொஞ்சம் மறக்கும்ணே"ன்னு சொன்னேன். இதைத்தான் சொன்னேன். இதைச் சொல்ல என் வாய்க்கு எங்கேயிருந்து தைரியம் வந்துச்சோ.

அவர் போனதும் இவர் ரெண்டு மக்ரூன் தின்னார். நான் ஒண்ணு தின்னேன். நல்லா இருந்துச்சுங்கிறதுதான் கொடுமை.

ஜூலை 7, திங்கள்

டப்பாவைக் கழுவி அலமாரியில வச்சேன். வெறும் டப்பாவாத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. ஏதாவது செய்யணும்.

ஜூலை 11, வெள்ளி

புதுப் பையன் பேசுறான். முப்பது வயசுத் தொண்டையைக் கரகரன்னு ஆக்கிக்கிட்டு கிழவனாப் பேசுறான். சுமார். யூசுப் என்கிட்ட வேலைப் பேச்சு மட்டும்தான் பேசுறான். அக்கான்னு கூப்பிடுறதை விட்டுட்டு 'மேடம்'ங்கிறான். நானும் ஏன்னு கேக்கல.

அவனுக்குத் தெரியும். அன்னைக்கு என் பக்கத்துலதான உக்காந்திருந்தான்.

ஜூலை 15, செவ்வாய்

அண்ணன் பொண்ணு ஜெசிந்தா ஓசூர்லேர்ந்து கூப்பிட்டா. "ஆன்ட்டி, அப்பாவை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம். கூட வேலை பார்க்கிறவங்களை விசாரிக்கச் சொன்னார். அப்பா மைக்ல வேற ஏதாவது மறந்தாரா? நடக்காததை நடந்ததுன்னு குழப்பிக்கிட்டாரா?"

"இல்லம்மா. வேற எதுவும் இல்ல."

"அப்போ அந்த ஒண்ணுதான். இல்லையா ஆன்ட்டி?"

"ஆமாம்மா"ன்னேன்.

அடுப்புல வெங்காயம் கருகிப்போச்சு. அதைச் சாக்கா வச்சு போனை வச்சேன்.

ஜூலை 16, புதன்

ஒண்ணும் எழுதத் தோணல.

ஜூலை 19, சனி

மார்க்கெட்ல அண்ணனைப் பார்த்தேன். பஸ்ல வந்தாராம். ஸ்கூட்டர் என்னாச்சுன்னு கேட்டேன். சாவியைப் பொண்ணுகிட்டக் கொடுத்துட்டாராம். "வழி மறந்து எங்கேயாவது போய் நின்னா உங்களுக்குத்தான தொல்லை." முப்பது வருஷமா அந்த ஸ்கூட்டர்ல கோடம்பாக்கத்துச் சந்து பொந்தெல்லாம் போனவர். எந்த ஸ்டுடியோவுக்குப் பின்வாசல் எங்க இருக்குன்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவார்.

ஸ்கேன்ல ஒண்ணும் தெரியலையாம். ஆரம்பத்துல தெரியாது, கவனமாப் பார்த்துட்டு வரணும்னு டாக்டர் சொன்னாராம். அடுத்த வார ஞாயித்துக்கிழமை வீட்டைக் காலி பண்ணிட்டு ஓசூர் போறார். மைக் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டார். ரெண்டு இடத்துலேர்ந்து கூப்பிட்டாங்களாம், சின்ன வேஷம்தான், மாட்டேன்னுட்டாராம்.

"போஸ்ட்மேன் வேஷமா?"ன்னு கேட்டேன். சிரிப்பார்னு பார்த்தேன்.

"நான் என்ன பேசினேன்னு எனக்கே தெரியாத போது எப்படிம்மா மைக் முன்னாடி நிப்பேன்?"ன்னார். கையில இருந்த பையை ஒரு தடவை திறந்து, வாங்கினதெல்லாம் இருக்கான்னு பார்த்துக்கிட்டார். அடுத்த கடை தாண்டினதும் மறுபடி திறந்து பார்த்தார்.

பாவி நான். நல்லா இருந்த மனுஷனைக் கெடுத்துட்டேன்.

ஜூலை 22, செவ்வாய்

இவர்கிட்ட சொல்லிட்டேன். அவரைக்காய் நரம்பு உரிச்சுக்கிட்டிருந்தார். முதல் நாள்லேர்ந்து எல்லாத்தையும் சொன்னேன், ஸ்க்ரிப்ட்டை மாத்தி அனுப்பினது வரைக்கும். இவர் கை நிக்கவே இல்ல. கடைசிக் காய் வரைக்கும் உரிச்சுட்டு, "அந்த மனுஷன்கிட்டப் போய்ச் சொல்லு"ன்னார்.

"சொன்னா வேலை போயிடும்."

"போகும்தான்."

"அவ்வளவுதானா? வேற ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா?"

"அவரு நம்ம வீட்டுல உக்காந்து உன்கிட்ட மன்னிப்பு கேட்டாரு வனஜா. நானும் பக்கத்துல உக்காந்து மக்ரூன் தின்னேன்"ன்னுட்டு எழுந்து போயிட்டார்.

ஜூலை 23, புதன்

போனேன். வீடு முழுக்க அட்டைப்பெட்டி. ஜெசிந்தா வந்திருந்தா. அண்ணன் கட்டில்ல உக்காந்து, பழைய பேட்டரி ரேடியோவை எடுத்துக்கிட்டுப் போறதா வேண்டாமான்னு யோசிச்சுக்கிட்டிருந்தார்.

நின்னுக்கிட்டே சொன்னேன். "அண்ணே, நீங்க மாத்தல. நான்தான் ஜெர்மானியர்னு எழுதினேன். நீங்க கேட்டீங்க. நான்தான் ரெண்டும் ஒண்ணுன்னு சொன்னேன். மாட்டிக்கிட்டதும் ஸ்க்ரிப்ட்டை மாத்திட்டு உங்க மேல போட்டுட்டேன். உங்களுக்கு மறதியெல்லாம் ஒண்ணும் இல்ல."

திட்டுவார், அடிக்கக்கூட கை ஓங்குவார்னு நினைச்சு நின்னேன். அவர் எழுந்து வந்து என் தலையில கை வச்சார்.

"எனக்குத் தெரியும் தங்கச்சி, நீ இப்படி ஏதாவது பண்ணுவேன்னு. மார்க்கெட்ல உன் முகத்தைப் பார்த்தேன்ல. எனக்காக உன் பேரைக் கெடுத்துக்காதே."

"அண்ணே, சத்தியமா!"

"எங்க அக்காகிட்ட நாங்களும் இப்படித்தான் சொல்லுவோம். நீ மறக்கலக்கா, நாங்கதான் மாத்தி வச்சுட்டோம்னு. அவ மனசு கோணாம இருக்க. நல்ல மனசு உனக்கு."

ஜெசிந்தா கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "தேங்க்ஸ் ஆன்ட்டி"ன்னா. காபி போட்டுக் கொடுத்தா. நான் அதைக் குடிச்சேன். உண்மையைச் சொல்லிட்டேன், ஒருத்தரும் நம்பல, நல்லவள்னு பேரு வாங்கிட்டு வந்து நிக்கிறேன். இதைவிட என்னைச் செருப்பால அடிச்சிருக்கலாம்.

ஜூலை 24, வியாழன்

காலையில முதல் வேலையா யூசுப்கிட்ட போனேன். "அன்னைக்கு ரெக்கார்ட் ஆனது இருக்கா? வெட்டாதது?"

"இருக்கு. எடுத்து வச்சிருக்கேன்."

"நான் கேக்கவே இல்லையே?"

"நீங்க எப்ப கேப்பீங்கன்னு பார்த்துக்கிட்டிருந்தேன். நானும் வாயைத் திறக்கலக்கா. புது வேலை, வீட்டுல பிரசவ நேரம். எனக்கும்தான் தூக்கம் வரல." அக்கான்னு சொன்னதைக் கவனிச்சேன். அப்புறம், "ஆனா ஒண்ணு. அண்ணன் மைக்ல பேசினதுதான் இருக்கும். நாம இந்தப் பக்கத்துலேர்ந்து பட்டனை அமுக்கிப் பேசுறது அவர் காதுக்கு மட்டும்தான் போகும், ரெக்கார்ட் ஆகாது. உங்க பதில் அதுல கிடையாது"ன்னான்.

என் பதில் கிடையாது. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், அப்பாடான்னு இருந்துச்சு. இதையும் எழுதித்தான் ஆகணும்.

அடுத்து முரளி சார். எல்லாத்தையும் சொன்னேன். பேனாவை மூடி மூடித் திறந்தார். "மும்பைக்கு இப்ப இதைச் சொன்னா ஸ்டுடியோ பேரும் சேர்ந்து போகும். அந்த ஆளும் ஊரைவிட்டுப் போறார். அப்படியே விட்டுடுங்களேன்."

"மும்பைக்கு மெயில் போட்டுட்டுத்தான் சார் உங்க ரூமுக்கு வந்தேன்."

பேனாவை மேஜையில வச்சார். நாளையோட கணக்கை முடிச்சுக்கலாம்னார். நாளைக்கு மதியம் ரெக்கார்டிங் தியேட்டரை அரை மணி நேரம் கொடுங்கன்னு கேட்டேன். அதுக்கு மட்டும் சரின்னார்.

ஜூலை 25, வெள்ளி

ஜெசிந்தா ஆட்டோவுல கூட்டிட்டு வந்தா. வரமாட்டேன்னாராம், யூசுப் போன் பண்ணி, ஒரு தடவை வந்து காது கொடுங்க அண்ணேன்னு கெஞ்சினதால வந்தாராம். மைக் இருக்கிற பக்கம் போகாம எங்க பக்கமே உக்காந்தார். கை ரெண்டும் மடியில.

யூசுப் ஓட விட்டான். ஹாக்கன் கிழவன் கப்பல்ல நின்னு பேசினான். அண்ணன் குரல், அந்தக் கனம், நான் மறந்தே போயிருந்தேன். சட்டுனு வசனம் நின்னுது.

"தங்கச்சி, ஒரு சந்தேகம். இவன் நார்ஸ்காரன்தானே? ஜெர்மானியர்னு போட்டிருக்கே. அது பெரிய கூட்டம்லா. சாக்ஸன்காரனும் அதுக்குள்ளதான வருவான்?"

அப்புறம் ஸ்பீக்கர்ல சத்தமே இல்ல. ஏ.சி. இரைச்சல் மட்டும். அந்த இடைவெளி என்னோடது. ஒருத்தர் வாய்க்குச் சரியாப் பேச்சை உக்கார வைக்கிறதுதான இத்தனை வருஷமா என் பிழைப்பு. இந்தக் கெட்டுப்போன தொண்டையை வச்சுக்கிட்டு, அன்னைக்குச் சொன்னதை அப்படியே சத்தமாச் சொன்னேன்.

"ரெண்டும் ஒண்ணுதான் அண்ணே. யாருக்குத் தெரியப்போவுது? டேக் போலாம்."

சொல்லி முடிச்சதும் ஸ்பீக்கர் பதில் சொல்லுச்சு. "சரிம்மா. நீ சொன்னா சரிதான்."

ஒரு நூல் பிசகாம உக்காந்துச்சு. ஜெசிந்தா வாயைப் பொத்திக்கிட்டா. யூசுப் தலையைக் குனிஞ்சுக்கிட்டான்.

"இன்னொரு தடவை போடுப்பா"ன்னார் அண்ணன்.

யூசுப் போட்டான். நான் மறுபடி சொன்னேன். மூணாவது தடவையும் கேட்டார். மூணாவது தடவை நான் சொல்லும்போது அவர் உதடும் என்கூடவே அசைஞ்சுது.

"கேட்டிருக்கேன்"ன்னார். "நான் கேட்டிருக்கேன் ஜெசி. இவ பதில் சொன்னா. மாம்பழக் கலர் சேலை கட்டியிருந்தா. பதினோரு மணிக்கு ரீல் முடியணும்னு பரபரன்னு இருந்தா. எனக்கு எல்லாம் இருக்கு. எல்லாமே இருக்கு." பொண்ணு கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதார். அவ்வளவு பெரிய குரல் உள்ள மனுஷன் சத்தமே இல்லாம அழுதார்.

நான் கால்ல விழலாம்னு எழுந்தேன். வேண்டாம்னு கையைக் காட்டிட்டார்.

அழுகை ஓய்ஞ்சதும் முகத்தைத் துடைச்சுக்கிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இருந்திருந்தா தாங்கியிருப்பேன்.

"இந்த மூணு வாரமா தினமும் காலையில எழுந்ததும் என் பேரை நானே சொல்லிப் பார்த்துக்கிட்டேன், வனஜா. இருக்கா, போயிடுச்சான்னு."

வனஜான்னு சொன்னார். இருபது வருஷத்துல அவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்ல.

எழுந்து வெளியே நடந்தார். வாசல்ல நின்னு ஜெசிந்தாகிட்ட ஸ்கூட்டர் சாவியைக் கேட்டார். அவ பையில துழாவி எடுத்துக் கொடுத்தா. ஆட்டோ பிடிச்சு வீட்டுக்குப் போய், அங்கேயிருந்து வண்டியை எடுத்துக்கிட்டுத் திரும்ப இந்தத் தெரு வழியாவே போனார். ஹெல்மெட்டுக்குள்ள முகம் தெரியல. ஜெசிந்தா பின்னாடி உக்காந்திருந்தா. முனையில கை காட்டிட்டு வலது பக்கம் திரும்பினார், அவர் எப்பவும் போற குறுக்குச் சந்துக்குள்ள.

நான் என் மேஜையைக் காலி பண்ணினேன்.

ஜூலை 28, திங்கள்

அண்ணன் ஓசூர் போகல. அட்டைப்பெட்டியெல்லாம் பிரிச்சாச்சாம், யூசுப் சொன்னான். மும்பைக்காரங்க அண்ணனையே திரும்பப் பேசச் சொல்லி முரளி சாருக்கு எழுதியிருக்காங்களாம். அண்ணன் ஒத்துக்கிட்டார், வசனம் எழுதுறவங்க யாருன்னு மட்டும் முதல்ல கேட்டாராம். வேற ஆள்னு சொன்னதும் சரின்னாராம்.

போன் பண்ணினேன். எடுக்கல. நாளைக்கும் பண்ணுவேன்.

இன்னைக்கு மாவு புளிக்கல. இட்லி நல்லா வந்துச்சு. டப்பா இன்னும் அலமாரியில இருக்கு. கொண்டு போய்க் கொடுக்கணும். வெறுமனே கொடுக்க முடியாது, அதுல என்ன போட்டுக் கொடுக்கிறதுன்னும் தெரியல. எடுத்துக் கழுவினேன். ஏற்கெனவே கழுவினதுதான். துடைச்சு மறுபடி அங்கேயே வச்சுட்டேன்.